புளி போட்டு விளக்கிய செல்ஃப்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் பாதிக் குற்றம் அந்தக் கோபத்துடையது. மீதிப் பாதி மூளையுடையது, ஆனால் அது அன்றைக்கு வேலைக்கே வரவில்லை.

புதுக்கோட்டைக்கு வெளியே, அறந்தாங்கி போகும் சாலையில், வீட்டு முகப்பிலேயே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். பஞ்சர் ஒட்டுவேன், ரிம் கோட்டம் எடுப்பேன், மணி மூடிகளைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்பேன். என் கடை சைக்கிள் மணியில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சுதான் என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அறுபதுகளின் தொடக்கத்தில், சமஸ்தான காலத்து அதிகாரி ஒருவர் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய கார் ஒன்றை வாங்கி வந்தேன். காரும் சைக்கிள்தான், இரண்டு சக்கரம் கூடுதல், வேறொன்றுமில்லை என்று என் மனைவிக்கு விளக்கினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் நான் சொன்னது தப்பு என்று அர்த்தம். அது எனக்குப் புரியப் பல வருஷம் பிடித்தது.

அந்தக் காரைக் கிளப்ப இரண்டு வழி. ஒன்று, முன்பக்கத்து ஓட்டையில் இரும்பு ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்றுவது. இன்னொன்று, ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்துவது. அழுத்தினால் அடியில் இருக்கும் சின்ன மோட்டார் சுழன்று எஞ்சினைத் தட்டி எழுப்பும். அந்த மோட்டாருக்கு டிரைவர்கள் வைத்த பெயர் செல்ஃப்.

ஹேண்டில் என்னிடம் நெடுநாள் தங்கவில்லை. ஒருநாள் சுற்றும்போது திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. வந்ததே எனக்குக் கோபம்! பிடுங்கிக்கொண்டு போய்க் கொல்லைக் கிணற்றில் போட்டேன். "என்னையவே அடிக்கிறியா? கெட அங்கயே!" என்று கிணற்றுக்குள் தலையை நீட்டித் திட்டியும்விட்டு வந்தேன். அதற்குப் பிறகு செல்ஃபே கதி என்றானது.

அதுவும் ஒரே மாதத்தில் மக்கர் செய்ய ஆரம்பித்தது. சில நாள் எடுக்கும், சில நாள் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு படுத்துக்கொள்ளும். அப்போதெல்லாம் எதிர் டீக்கடையில் இருப்பவர்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வேன். என் மனைவி ஆசிரியப் பயிற்சி முடித்தவள், இங்கிலீஷ் தெரிந்தவள். ஒருநாள் நாலு பேர் மூச்சு வாங்கத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க, செல்ஃப்னா தானாவேன்னு அர்த்தம். நாலு பேரு தள்ளுற வண்டிக்கு எதுக்குங்க அந்தப் பேரு?"

தள்ளிக்கொண்டிருந்த நாலு பேரும் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். வண்டி நின்றுபோயிற்று. நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. நான் பேசாமல் இருந்தது அவளுக்குத் தெரிந்த மாதிரியே தெரியவில்லை, அதில்தான் எனக்கு மேலும் எரிச்சல்.

இப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை மதியம் தபாலில் அவளுக்கு வேலை உத்தரவு வந்தது. கடலோரக் கட்டுமாவடியில் பள்ளிக்கூடம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுச் சேர வேண்டும், தவறினால் உத்தரவு தானாகவே ரத்தாகிவிடும் என்று கடைசி வரியில் இருந்தது. அந்த வரியை அவள் மூன்று தடவை வாசித்தாள். காரணம் இருந்தது. கல்யாணமான மறுவருஷமும் இதேபோல ஓர் உத்தரவு வந்தது. என் அம்மா அப்போது படுத்த படுக்கை. "அம்மாவ யாரு பாக்குறது?" என்று கேட்டது நான்தான். அவள் மறுபேச்சுப் பேசாமல் காகிதத்தை மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, அம்மா கண்ணை மூடும்வரை கூடவே இருந்து பார்த்தாள். இப்போது வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. இதையும் விட்டால் மூன்றாவது உத்தரவு வராது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வேலைக்குப் போனால் வாரம் முழுக்க அங்கேயே ஒரு டீச்சர் வீட்டில் தங்க வேண்டும். சனி, ஞாயிறு மட்டும் வரலாம். எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அன்று சாயங்காலம் அவளுடைய அண்ணன் கந்தர்வகோட்டையிலிருந்து ஒரு பை முந்திரிக்கொட்டையோடு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர், உடனே கணக்குப் போட ஆரம்பித்தார்.

"காலையில ஆறு மணி பஸ்ஸுல ஏறுனா, அறந்தாங்கியில மாறி ஒம்பது மணிக்கெல்லாம் போயிரலாம். அத விட்டா அடுத்த பஸ்ஸு நேரத்துக்குப் போகாது. அப்புடியே விட்டாலும் ஒண்ணும் மோசமில்ல மாப்ளே, திருச்சிக்கு மீன் போடப் போற கட்டுமாவடி லாரி தெனமும் ஏழே முக்கா வாக்குல இந்தப் பக்கமாத்தான் திரும்புது."

"மீன் லாரியா?" என்று எழுந்து நின்றுவிட்டேன். "எம் பொண்டாட்டி மொத நாளு வேலைக்கு மீன் லாரியில போயி எறங்கணுமா? வாசல்ல காரு நிக்குது மச்சான்!"

"நிக்குது மாப்ளே," என்றார் அவர். "அதான் பயமா இருக்கு."

நான் அவரைப் பொருட்படுத்தவில்லை. கட்டுமாவடிப் பள்ளிக்கூட வாசலில் என் கார் போய் நிற்பதும், நான் கதவைத் திறந்துவிட, என் மனைவி இறங்குவதும், வாத்தியார்கள் எல்லாரும் வெளியே வந்து பார்ப்பதும் அதற்குள் என் மனசில் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தக் காட்சியில் அவளைவிட நான்தான் நன்றாகத் தெரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை காருக்கு அடியில் படுத்துச் செல்ஃபைக் கழற்றினேன். இரண்டே இரண்டு போல்ட். ஒன்று கையில் வந்தது, மற்றொன்று நெற்றியில் விழுந்தது. மோட்டாரைக் கொல்லைக்குக் கொண்டுபோய்ப் பிரித்தேன். உள்ளே கம்பி சுற்றிய உருளை ஒன்று. அதன் ஒரு முனையில் செம்புப் பட்டைகள், நாலு பக்கமும் அதை உரசிக்கொண்டு நிற்கும் கரித்துண்டுகள். செம்பு அடுப்பில் வைத்த சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது. எனக்கு நோய் பிடிபட்டுவிட்டது! செம்பு கறுத்தால் என்ன செய்வது? சைக்கிள் மணிக்கு என்ன செய்தேனோ அதுதான். இதற்குப் போய்த் திருச்சிக்கும் மதுரைக்கும் மெக்கானிக்கைத் தேடி ஓடுகிறார்களே, மடையர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுப்படியில் குழம்புக்கு ஊறிக்கொண்டிருந்த புளியைக் கிண்ணத்தோடு எடுத்துவந்தேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"ஏங்க, அது கரண்டு ஓடுற சாமானாச்சே. தண்ணி படலாமா?"

"பாடம் நடத்துறதெல்லாம் திங்கக்கெழமையிலேர்ந்து வச்சுக்க," என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதன் அர்த்தத்தை முன்பே சொல்லிவிட்டேன்.

துவைகல்லில் அந்த உருளையை வைத்து, புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தேன் பாருங்கள், சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு தேய்ப்பு! பட்டைகளுக்கு நடுவே இருந்த சந்துகளில் எல்லாம் புளியைக் கட்டைவிரலால் அழுத்தித் திணித்தேன். பிறகு இரண்டு வாளி கிணற்றுத் தண்ணீர் ஊற்றி அலசினேன். செம்பு தகதகவென்று வந்துவிட்டது. வெயிலில் ஒரு துண்டை விரித்துக் காயவைத்தேன். மச்சான் வந்து குனிந்து பார்த்தார்.

"ஒரு திரியப் போட்டா ஏத்திரலாம் போலருக்கே மாப்ளே," என்றார்.

குழம்புக்குப் புளி இல்லாததால் அன்று மதியம் வெறும் மோர்ச் சோறுதான். சாப்பிட்டுவிட்டு மோட்டாரைப் பூட்டிக் காரில் மாட்டினேன். பொத்தானை அழுத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரே அழுத்து! எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் இறங்கி ஓடிப்போய் அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். டீக்கடைக்காரர்கள் கைதட்டினார்கள். மச்சான்கூட, "கெட்டிக்காரருதான்யா," என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அன்று ராத்திரி நான் தூங்கவே இல்லை.

திங்கட்கிழமை விடியுமுன்பே அவள் குளித்து, பெட்டியில் இத்தனை வருஷம் மடித்து வைத்திருந்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிக்குப் பஸ் வந்தது. வீட்டு முன்னால் நின்றது, கண்டக்டர் விசில் ஊதினார். அவள் எழுந்துவிட்டாள்.

"நான் பஸ்ஸுலயே போயிடுறேங்க. எதுக்கு வம்பு?"

"ஏன், எம் மேல நம்பிக்கை இல்லையா? காருல ரெண்டு மணி நேரம். ஏழு மணிக்குக் கெளம்புனா தாராளம்."

சொல்லிக்கொண்டே சாலைக்குப் போய், நானே கையை ஆட்டி, போ போ என்று பஸ்ஸை அனுப்பிவைத்தேன். அவள் பஸ் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழு மணிக்குப் பெட்டியை ஏற்றி, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பொத்தானை அழுத்தினேன். டக். மறுபடியும் அழுத்தினேன். டக். பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அழுத்து அழுத்தினேன். 'கர்ர்' என்று எதையோ கடிக்கிற சத்தம் கேட்டது, பிறகு பானட்டின் இடுக்கிலிருந்து புகை வந்தது. புகையோடு ஒரு வாசனையும் வந்தது. மச்சான் மூக்கை உறிஞ்சினார்.

"மாப்ளே, ரசம் கொதிக்குது."

ஆமாம், ரசமேதான். பெருங்காயம்தான் குறைச்சல்.

"தள்ளுங்கய்யா!" என்று கத்தினேன். டீக்கடை ஆட்கள் ஓடி வந்து தள்ளினார்கள். கியரைப் போட்டதும் பின்சக்கரம் மண்ணில் கோடு இழுத்துக்கொண்டு நின்றதே தவிர உருளவில்லை. செல்ஃபின் பல்சக்கரம் எஞ்சினுக்குள் போய்க் கடித்துக்கொண்டு மாட்டிக்கொண்டது என்பது அப்புறம் தெரிந்தது. ஒருவர், "ஹேண்டில் போட்டுச் சுத்திப் பாருங்களேன்," என்றார். மச்சான் கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"தண்ணி நெறைய கெடக்கு மாப்ளே," என்றார்.

நான் காரின் டயரை ஓர் உதை விட்டேன். கால் பெருவிரல் நகம் பெயர்ந்தது. நொண்டிக்கொண்டே அடியில் படுத்து எதையோ திருகினேன், எழுந்தேன், மறுபடி படுத்தேன். கடைக் கடிகாரத்தில் ஏழரை. அவள் காரிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலை மண்ணில் படுகிறதே என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கேட்டாள்:

"உண்மையச் சொல்லுங்க. நான் போறது ஒங்களுக்குப் புடிக்கலையா?"

"யாரு சொன்னா அப்புடி?" என்று எகிறினேன்.

"போன தடவ அத்த இருந்தாக," என்றாள். "இந்தத் தடவ காரு."

குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது வசதியாக இருந்திருக்கும். அடியில் படுத்தபடியே யோசித்தேன். வேண்டுமென்று கெடுத்தேனா? இல்லை, அம்மா மேல் சத்தியமாக இல்லை. ஆனால் காலையில் பஸ்ஸைப் போகச் சொல்லிக் கையை ஆட்டினேனே, அப்போது அந்தக் கைக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அது எனக்குத் தெரியும். வெட்கமாகப் போய்விட்டது.

"புடிக்கலதான்," என்றேன். "நீ போயிட்டா இந்த வீட்டுல எனக்கு யாரு இருக்கா?"

அவள் குனிந்து என் கரி பிடித்த முகத்தைப் பார்த்தாள். பிறகு, "இதச் சொல்றதுக்கு ஒரு மோட்டாரக் கழட்டணுமா?" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், ஆனால் நான் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

அந்நேரம் புதுக்கோட்டைப் பக்கமிருந்து லாரிச் சத்தம் கேட்டது. நான் காருக்கு அடியிலிருந்து உருண்டு எழுந்து ஓடினேன். பெயர்ந்த நகத்தோடு, அவிழ்ந்த வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நட்ட நடுச் சாலையில் போய் மறித்து நின்றேன். லாரி கிறீச்சிட்டு என் மூக்குக்கு முன்னால் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ்! சாவுறதுக்கு எம் வண்டிதான் கெடச்சுதா?"

"அண்ணே, எம் பொண்டாட்டி டீச்சருண்ணே. பத்து மணிக்குள்ள கட்டுமாவடிப் பள்ளிக்கூடத்துல சேரணும்ணே. இல்லாட்டி வேலை போயிரும்ணே. ஏத்திக்கங்கண்ணே!"

என் வாழ்நாளில் அதற்கு முன் யாரையும் ஒரே மூச்சில் இத்தனை 'அண்ணே' போட்டுக் கூப்பிட்டதில்லை. டிரைவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், நீலச் சேலையோடு நின்றவளைப் பார்த்தார். முன்னால் உட்கார்ந்திருந்த மீன் வியாபாரி தானாகவே இறங்கிப் பின்பக்கம் காலிக் கூடைகளோடு போய் ஏறிக்கொண்டார்.

"சீக்கிரம் ஏறுங்கம்மா," என்றார் டிரைவர். "எஞ்சின் நின்னுபோச்சுன்னா இவரு இதையும் தள்ளச் சொல்லுவாரு."

மச்சான் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். அவள் ஏறி உட்கார்ந்து, மேலேயிருந்து என்னைப் பார்த்தாள். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறாள் என்று நிமிர்ந்து நின்றேன்.

"அடுப்புல பாலு இருக்கு. பாத்துக்கங்க," என்றாள்.

லாரி போய்விட்டது. நான் போய்ப் பார்த்தபோது பால் பொங்கித் தீய்ந்து, பாத்திரமும் கறுத்திருந்தது. அதை விளக்க வீட்டில் புளி இல்லை.

புதன்கிழமை கார்டு வந்தது. பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டுவிட்டதாக எழுதியிருந்தாள். சேலையெல்லாம் மீன் வாசனை, ஆனால் அந்த ஊரில் எல்லார் மேலும் அதே வாசனை என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாள். கடையில் வந்தவன் போனவனிடமெல்லாம் அந்தக் கார்டை வாசித்துக் காட்டினேன். மீன் வாசனைப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு வாசித்தேன்.

செல்ஃபை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு, டவுனில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பிரித்தார். முகர்ந்தார். சந்துகளுக்குள் இருந்த பழுப்பு நிறத்தைக் குச்சியால் கிளறி, விரலில் தொட்டுப் பார்த்தார்.

"யாருய்யா இதுல ரசம் வச்சது?"

"பழைய முதலாளிங்க," என்றேன். "வெவரம் இல்லாத ஆளு."

அவர் என் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். புளிக்கறை இன்னும் போகவில்லை. மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, பாவம், நல்ல மனுஷன். கம்பி முழுவதும் புதிதாகச் சுற்றி, அடுப்புச் சூட்டில் இரண்டு நாள் உலர்த்திக் கொடுத்தார். அதன்பிறகு அந்தச் செல்ஃப் ஒருநாளும் மக்கர் செய்யவில்லை. மக்கர் செய்யக்கூடாத அந்த ஒரு நாள்தான் போயே போய்விட்டதே.

அவள் சனிக்கிழமை சாயங்காலம் வருவாள், திங்கட்கிழமை ஆறு மணிப் பஸ்ஸில் போவாள். காரில் கொண்டுவிடுகிறேன் என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பஸ் ஏறுமுன் ஒவ்வொரு திங்கட்கிழமையும், "புடிக்குதா, புடிக்கலையா?" என்று கேட்பாள். "புடிக்கல," என்பேன். சிரித்துக்கொண்டே ஏறிப் போவாள். கண்டக்டருக்கே அது பாடமாகிவிட்டது. என் பதில் வந்த பிறகுதான் விசில் ஊதுவார்.

இப்படி நாலு வருஷம் போயிற்று. ஒரு கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த திங்கட்கிழமை, ஆறு மணிக்குப் பஸ் வழக்கம்போல் வந்து நின்றது, கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் அவள் பெட்டியைத் தேடினேன், காணோம். அவள் அப்போதுதான் தலை துவட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சாலைக்குப் போய், தானே கையை ஆட்டி, "நீங்க போங்கண்ணே," என்று பஸ்ஸை அனுப்பினாள்.

எனக்குப் பதறிவிட்டது. "என்னாச்சு? வேலைக்குப் போகலையா?"

"போறேன். பத்து மணிக்கு. நடந்து," என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம் கையைக் காட்டினாள். "இங்கிட்டு மாத்தல் கெடச்சிருச்சு."

"யாரு எழுதிப் போட்டா? ஒங்க அண்ணனா? நான் ஒரு வார்த்தை கேக்கலையே!"

"யாரும் தள்ளலைங்க," என்றாள். "செல்ஃப்தான்."

சொல்லிவிட்டு, ரசத்துக்குப் புளி ஊறப்போட உள்ளே போனாள்.